எடை மேடையில் ஒரு சின்ன கார்

ஏலகிரி மலைப்பாதையில் ஒன்பதாவது வளைவில் எங்கள் கார் நின்றுபோனது. ஒன்பதாவது என்று உறுதியாகச் சொல்கிறேன், எண்ணிக்கொண்டே வந்தேன். ஆம்பூரில் ஒரு டேனரியில் பதனிட்ட தோல்களைத் தரம் பிரிக்கும் வேலையில் என் காலம் போயிற்று. கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு அந்த வேலைக்குப் போனேன். ஒரு தோலை மேசையில் விரித்தால் உண்ணி கடித்த தழும்பு எத்தனை, முள் கீறியது எத்தனை, கத்தி பட்டது எத்தனை என்று எண்ணிவிட்டுத்தான் அடுத்த தோலைத் தொடுவேன். வேலை ஓய்ந்தது, எண்ணுவது ஓயவில்லை. எதிரே வரும் லாரியையும் எண்ணுவேன், மாத்திரை அட்டையில் மிச்சம் இருப்பதையும் எண்ணுவேன்.

அன்று வண்டி ஓட்டியவள் என் மனைவி. எனக்குக் கண் நரம்பில் கோளாறு. ஓரத்தில் வருவது தெரியாது, இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தவள். வேலையை விட்ட பிறகுதான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். "ஒரு லைன்ல அத்தன பொம்பளைங்கள மேய்ச்சிட்டேன், நாலு சக்கரத்த மேய்க்க முடியாதா?" என்று சொல்லிக்கொண்டுதான் முதல் நாள் பயிற்சிக்குப் போனாள். சீக்கிரமே என்னைவிட நன்றாக ஓட்டினாள். திருப்பத்தூர் சந்தைக்கும் வேலூர் கண் ஆஸ்பத்திரிக்கும் அவள்தான் என்னைக் கூட்டிப்போவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வருவேன். அது என் வேலை.

அன்று பின் சீட்டில் எங்கள் சம்பந்தியும் அவர் மனைவியும் இருந்தார்கள். மகனுக்குப் பெண் கொடுத்தவர்கள், பேர்ணாம்பட்டுக்காரர்கள். அவரும் டேனரி ஆள்தான், ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வெயில் என்பதால் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மேலிருந்து இறங்கிய பஸ் ஒன்று வளைவு முழுவதையும் எடுத்துக்கொண்டு திரும்பியது. அவள் மேட்டில் நிறுத்த வேண்டியதாயிற்று. பஸ் போன பிறகு கிளட்சை விட்டாள், எஞ்சின் அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தாள், மறுபடி அணைந்தது. வண்டி பின்னால் கொஞ்சம் உருண்டது. சம்பந்தி வீட்டம்மா "முருகா" என்றார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

பின்னால் இருந்த காரில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞன் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினான். மரியாதையாகத்தான் பேசினான்.

"ஆயா, நீங்க இப்படி வந்து உக்காருங்க. நான் மேல ஏத்தி வுட்டுட்றேன்."

அவள் பதில் சொல்வதற்குள் பின் சீட்டிலிருந்து சம்பந்தி, "ஆமாம்பா, நீயே எடுத்துனு போப்பா" என்றார்.

அவள் இறங்கினாள். பானட்டைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். நான் பின்னால் போய் மூன்றாவது ஆளாக நசுங்கி உட்கார்ந்தேன். அந்தப் பையன் ஏசியை அணைத்து, முதல் கியரிலேயே உறுமவிட்டு வண்டியை ஏற்றினான். கிளட்ச் தீய்ந்த வாசனை வந்தது. "வண்டி ரொம்ப அழுவுதே ஆயா" என்றான். இறங்கும்போது மலைமேல் ஒரு டிரைவரைப் பிடித்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு அவள் காரைத் தொடவில்லை. உறை போட்டு மூடியவள், அந்த உறையைப் பிரிக்கவே இல்லை. சந்தைக்கு ஷேர் ஆட்டோவில் போனாள். கண் ஆஸ்பத்திரிக்கு நான் பஸ்ஸில் தனியாகப் போய் வந்தேன். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அவள் ஓட்டும்போதெல்லாம் பயந்து செத்தவன் நான். நிம்மதி வரவில்லை. வாசலில் ஏதாவது ஒரு கார் வந்து நின்றால் அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

ஒரு காலையில் காப்பி கொடுத்துவிட்டு, "வண்டிய வித்துடலாங்க" என்றாள்.

"ஏன்?"

"ஓட்டறதுக்கு ஆள் இல்லாத வண்டி எதுக்கு? புரோக்கர்கிட்ட சொல்லி வைங்க."

"வண்டிக்கு பலம் பத்தல. தப்பு உன்னுது இல்ல."

"வண்டி மேல பழி போடாதீங்க. நாந்தான் ஏத்தல."

அன்று மத்தியானம் நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். வண்டிக்குப் பலம் கூட்ட முடியும் என்று கேள்விப்பட்டிருந்தேன். சின்னக் கார்களை வாங்கி, இதை மாற்றி அதை மாற்றிப் பறக்கவிடும் பிள்ளைகள் வேலூரிலும் இருக்கிறார்கள். இரவெல்லாம் பைபாஸில் அவர்கள் சத்தம் கேட்டு எரிச்சல் பட்டவன் நான். இப்போது போனில் அவர்களுடைய வீடியோக்களையே உட்கார்ந்து பார்த்தேன். காற்று இழுக்கும் ஃபில்டர், புகை தள்ளும் சைலன்சர், எஞ்சினின் கம்ப்யூட்டரில் செய்யும் மாற்றம் என்று வரிசையாகச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தன்னுடையதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்றார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை.

"பிக்கப்ப கூட்டலாம்" என்று அவளிடம் சொன்னேன்.

"இன்னா, இந்த வயசுல ரேஸுக்கா போறோம்?"

"மலைக்குப் போறோம்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பைபாஸ் ஓரத்தில் இப்படிப்பட்ட வேலைகள் செய்யும் மெக்கானிக் ஒருவர் இருந்தார். நாற்பது வயது இருக்கும், கலகலப்பான ஆள். வீட்டுக்கு வந்து தானே காரை எடுத்து ஓட்டிக்கொண்டு போனார். என் மனைவி பின் சீட்டில் உட்கார்ந்து வந்தாள். முன் சீட்டில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள்.

கடையில் அவர் எங்களை நாற்காலியில் உட்காரவைத்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். "இந்த ஃபில்டர் போட்டா காத்து ஜாஸ்தி இழுக்கும் சார். இந்த சைலன்சர் போட்டா புகை ஃப்ரீயா போவும். அப்புறம் லேப்டாப் சொருகி எஞ்சின் கம்ப்யூட்டர்ல மேப் மாத்திட்டா வண்டி வேற வண்டி."

"எத்தனை குதிரை கூடும்?"

"அதெல்லாம் ஓட்டும்போது தெரியும் சார்."

"எத்தனை?"

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள், "சொல்லிடுங்க, வுட மாட்டாரு" என்றாள்.

"நாலு. நல்லா வந்தா அஞ்சு."

வண்டியில் ஏற்கெனவே இருப்பது ஐம்பது குதிரைத்திறனுக்குச் சற்றுக் கீழே. ஆக, பத்தில் ஒரு பங்கு கூடும். மேடு ஏறுகிற கணக்கில் பலத்தை மட்டும் பார்த்தால் போதாது, அது எவ்வளவு கனத்தை இழுக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்துக் கணக்கு. அந்தக் கடைக்கு அடுத்த வாசலில் எடை மேடை இருந்தது. பதனிடாத பச்சைத்தோல் ஏற்றிவரும் லாரிகள் எல்லாம் அங்கேதான் ஏறி இறங்கும். காரை அதில் ஏற்றச் சொன்னேன். மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"கார யாரு சார் எடை போடுவாங்க?"

"நான் போடுவேன்."

ஆர்.சி. அட்டையில் வெறும் வண்டி எழுநூற்று ஐம்பது கிலோ என்று இருந்தது. எல்லோரும் இறங்கி நின்றோம். மேடையில் எண்ணூற்று எண்பது காட்டியது. நம்பாமல் மறுபடி ஏற்றச் சொன்னேன். அதே எண்பது. எடை போடுகிறவர் ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னா சார், டிக்கில தோல் ஏத்தினு வந்தீங்களா?" என்று கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். என் மனைவி மெதுவாகப் போய் பின் கதவைத் திறந்து, சீட்டின் ஓரத் தையலில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஆமாம்பா. தோலுதான்" என்றாள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வண்டி வாங்கினால் பூசணிக்காய் உடைப்பதோடும் எலுமிச்சம்பழம் நசுக்குவதோடும் முடிவதில்லை. சொந்தத்தில் பாதிப் பேர் தோலில் வேலை செய்கிறவர்கள். ஆளாளுக்குத் தோலில் ஏதாவது செய்துகொண்டு வருவார்கள். சம்பந்தி சீட்டு முழுக்கத் தோல் போட்டுக் கொடுத்தார். என் மச்சான், அவளுடைய தம்பி, எருமைத் தோலில் ஃபுட் மேட் வெட்டிக் கொடுத்தான். ஷூவுக்கு அடி போடும் தோல், செங்கல் மாதிரி இருக்கும். கதவின் உள்பக்கம் பலகை வைத்துத் தோல் ஒட்டியது இன்னொரு சொந்தம். அவளோடு வேலை செய்த பெண்கள் சேர்ந்து டிக்கியில் ஸ்பீக்கர் பெட்டி வைத்தார்கள், அதற்கும் தோல் உறை. முன்னால் இரும்புக் கம்பி பம்பர் நானே போட்டது. யாராவது வந்து இடித்துவிடுவார்கள் என்ற பயம். ஒவ்வொன்றையும் தனியாகத் தூக்கிப் பார்த்தால் பெரிய கனமில்லை. மொத்தமாக, அன்று மலையில் எங்கள் நால்வரோடு கண்ணுக்குத் தெரியாத இன்னும் இரண்டு பேர் காரில் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள்.

அவள் சீட்டின் மடிப்பைப் பிரித்துக் காட்டினாள். "இது கார் சீட்டு தோலே இல்லங்க. சோபா தோலு. அடியில ரெண்டு அடுக்கு பஞ்சு. அதுக்கும் அடியில ரெக்ஸின்." பிறகு, "தைச்சவன் தையல் மட்டும் நல்லா போட்டிருக்கான்" என்றாள்.

"இதெல்லாம் கழட்டிட்டா, ஃபில்டரும் வேணாம், சைலன்சரும் வேணாம்" என்றேன். எஞ்சினில் பத்தில் ஒரு பங்கு பலம் ஏற்றுவதும், நாலு பேர் ஏறிய வண்டியில் பத்தில் ஒரு பங்கு கனம் இறக்குவதும் ஏறக்குறைய ஒன்றுதான். மெக்கானிக்கின் முகம் வாடியது. ஆனாலும் நியாயமான மனிதர். "அந்த முன் கம்பிய மொதல்ல எடுங்க சார். அது கூடாதுன்னு சட்டமே இருக்குது" என்றார். கிளட்ச் பிளேட் தேய்ந்திருப்பதாகவும், மலையில் அந்தப் பையன் ஏற்றியதில் மிச்சமும் போயிருக்கும் என்றும் சொன்னார். டயரில் காற்றும் கம்மி.

எனக்கு உற்சாகமாகிவிட்டது. அவளுக்கு ஆகவில்லை. வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்.

"ஃபுட் மேட்ட எடுத்தா என் தம்பி ஒரு வாரம் பேச மாட்டான், அவ்ளோதான். சம்பந்தி போட்டத எப்படிங்க கழட்டறது? சீருல வந்த பொருள திருப்பி அனுப்பற மாதிரி. நாளைக்கு நம்ம மருமவ மூஞ்சில எப்படி முழிக்கிறது? வேணாம். வித்துடுங்க."

புரோக்கர் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆளைக் கூட்டிவருவதாகச் சொன்னார். அதற்கு முன்னால் நான் பேர்ணாம்பட்டுக்குப் பஸ் ஏறினேன். இவ்வளவு காலத்தில் சம்பந்தியிடம் எதையும் குறை சொன்னதில்லை. டீ வந்தது. டீ ஆறும்வரை ஊர்க்கதை பேசினேன்.

"சம்பந்தி, அன்னிக்கு வண்டி ஏன் ஏறலன்னு தெரிஞ்சிபோச்சி."

"ஏன்?"

"கனம்."

"என் சம்சாரமா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி, "காது கேக்குது" என்றார்.

"இல்ல சம்பந்தி. சீட்டு. நீங்க போட்ட தோலு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அது வெளிநாட்டுக்குப் போவ வேண்டிய தோலு. நானே நின்னு பொறுக்கினது. அதுல ஒரு முள் கீறல் காட்டுங்க பாக்கலாம்."

"ஒண்ணுகூட கெடையாது. நான் எண்ணிப் பாத்துட்டேன்."

"அப்புறம்?"

"கனமா இருக்குது."

"நல்ல தோலு கனமாத்தான் இருக்கும்."

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது, போகாமலே இருந்திருக்கலாம், காரும் போகிறது, சம்பந்தமும் கெடப்போகிறது என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, புரோக்கர் வருவதற்கு முன்பே வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. சம்பந்தி இறங்கினார். கையில் ஒரு பை. என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நேராகக் காரிடம் போனார். உறையைத் தூக்கினார், பின் கதவைத் திறந்தார், அன்று உட்கார்ந்த அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். தனியாக, கதவைத் திறந்துவைத்தபடி. சீட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். என் மனைவி மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"தங்கச்சி, அன்னிக்கு 'நீயே எடுத்துனு போப்பா'ன்னு சொன்னது நாந்தான்."

"தெரியும்ணா."

"உன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கணும். பயந்துட்டேன். பின்னால பள்ளம் தெரிஞ்சிது."

"எனக்கும் பயமாத்தான் இருந்திச்சி."

"அப்புறம் நீ வண்டியே எடுக்கலன்னு எம்பொண்ணு சொன்னா. எனக்கு சாப்பாடு எறங்கல." மோரைக் குடித்துவிட்டுப் பையிலிருந்து தையல் பிரிக்கும் கத்தியை எடுத்தார். "நான் போட்டத நானே கழட்டிட்டா யாரு மேலயும் வருத்தம் இல்ல பாரு."

இருவரும் உட்கார்ந்து பிரித்தார்கள். அவள் தையலைப் பிரிக்க, அவர் தோலைச் சுருட்டினார். அடியில் கம்பெனிக்காரன் போட்ட துணி சீட்டு புதுசு மாதிரியே இருந்தது. நான் கதவுப் பலகையின் ஸ்குரூக்களைக் கழற்றி, எண்ணி, டப்பாவில் போட்டேன். வாசல் முழுக்கத் தோலும் பஞ்சும் ஸ்பீக்கர் பெட்டியும் ஃபுட் மேட்டும் பரவிக் கிடந்தபோது புரோக்கர் ஆளோடு வந்தார். வந்தவர் காரையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா சார், வண்டிய ஸ்பேர் ஸ்பேரா விக்கிறீங்களா?"

அவள்தான், கத்தியை நிறுத்தாமல் சொன்னாள். "விக்கல."

நான் ஸ்குரூ டப்பாவைக் கையில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். சம்பந்தி என்னைப் பார்த்து, "சும்மா நிக்காதீங்க, அந்த முனையப் புடிங்க" என்றார்.

சுருட்டிய தோலை அவர் திருப்பி எடுத்துப்போக அவள் விடவில்லை. அதில் நல்ல இடமாகப் பார்த்து ஒரு பட்டை வெட்டினாள். அதன் பின்பக்கத்தைச் சீவி மெல்லியதாக்கிக் கொடுத்தவர் சம்பந்தி. அதை ஸ்டியரிங்கில் சுற்றிக் கையாலேயே தைத்தாள். உட்கார்ந்து நாள் முழுக்கச் செய்த வேலை. அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணப் போனேன், "நகருங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க" என்றாள்.

மெக்கானிக் கிளட்ச் பிளேட் மாற்றி, பிளக் மாற்றி, ஃபில்டரைச் சுத்தம் செய்து, பிரேக் பார்த்து, டயருக்குச் சரியான காற்று வைத்துக் கொடுத்தார். அவருக்கு ஒரே ஒரு வருத்தம். "சைலன்சராவது மாத்தலாம்மா. சத்தம் கேட்டாலே பின்னால வர்றவன் ஒதுங்கிடுவான்."

"நான் கத்தாமயே லைன் ஓட்டினவப்பா" என்றாள்.

அவள் அன்று கடையிலிருந்து வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள். மறுநாள் சந்தைக்கு. அடுத்த வாரம் அமிர்தி வரைக்கும் போய் வந்தோம். சம மட்டமான ரோட்டில் வண்டி பஞ்சாகப் போனது. ஆனால் மலை என்ற பேச்சை மட்டும் அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஒரு நாள் திருப்பத்தூரில் வேலை முடித்துத் திரும்பும்போது அவளாகவே வண்டியை மலைப்பக்கம் திருப்பினாள். மலை ஏறத் தொடங்கும் இடத்தில் டீக்கடை ஓரமாக நிறுத்தினாள்.

"நீங்க எறங்குங்க."

"ஏன்?"

"கனம்."

"என் எடை அறுபத்து மூணுதான்."

"எடைய சொல்லல. மெதுவா மெதுவான்னு சொல்லிக்கினே வருவீங்களே, அந்தக் கனம். நான் ஒரு தடவ தனியா போய் வர்றேன். வந்து உங்கள கூட்டினு போறேன்."

இறங்கினேன். அந்தச் சின்னக் கார் முதல் வளைவில் திரும்பி மரங்களுக்குள் மறைந்தது. டீ சொன்னேன், குடிக்கவில்லை. மேலிருந்து இறங்கும் வண்டிகளை எண்ண ஆரம்பித்தேன். பஸ் இறங்கும்போதெல்லாம், இது எந்த வளைவில் அவளுக்கு எதிரே வந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். போன் செய்யலாம் என்று எடுப்பேன், ஓட்டும்போது மணி அடித்தால் கவனம் சிதறுமே என்று வைத்துவிடுவேன். ஒரு கட்டத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி தொடங்க மனமில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கார் இறங்கி வந்தது. அவள் எட்டி என் பக்கத்துக் கதவைத் திறந்தாள். நெற்றி வேர்த்திருந்தது.

"ஏறிச்சா?"

"ஏறாம? ஒரு பஸ்ஸும் எதுக்க வரல. அதனால ஏறினது கணக்குல சேராது. ஏறுங்க."

ஏறினேன். வாயைத் திறக்கவில்லை. வளைவுகளையும் எண்ணவில்லை, ஆனால் அந்த இடம் வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, பள்ளத்தின் ஓரத்தில் அதே சிமெண்டுக் கட்டை. மேலிருந்து ஒரு பஸ் வளைவை அடைத்துக்கொண்டு இறங்கியது. அவள் மேட்டில் நிறுத்தினாள். பின்னால் ஒரு வண்டி, அதற்கும் பின்னால் ஒன்று. ஹாரன் அடித்தார்கள். என் கை தானாகக் கதவுப் பிடியைப் பற்றியது. அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள், பஸ் முழுதாகப் போகும்வரை காத்திருந்தாள். மறுபடி ஹாரன். கண்ணாடியில் பின்னால் பார்த்தாள்.

"அடிக்கட்டும்" என்றாள்.

முதல் கியர் போட்டாள். கிளட்சை மெல்ல விட்டாள், பானட் சற்றுத் தூக்கியது. சம்பந்தியின் தோல் சுற்றிய ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஹேண்ட் பிரேக்கை இறக்க ஒரு கை வேண்டுமே என்று எனக்குக் கவலை. அதையும் அவள் பார்த்துக்கொண்டாள். வண்டி ஒரு விரற்கடையும் பின்னால் போகாமல் வளைவைச் சுற்றி மேலே ஏறியது.

அடுத்த வளைவில் அகலமான இடம் வந்தபோது அவள் ஓரமாக ஒதுங்கிப் பின்னால் வந்தவனுக்கு வழி விட்டாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான். "போப்பா, போ" என்றாள் அவள், கையை வெளியே நீட்டி.